தீவிர சிகிச்சைப் பிரிவில் வலி: காத்லீன் புன்ட்டில்லோவின் ஆய்வுப் பணி

அடிபட்டவுடன் அல்லது அறுவைக்குப் பின் சுருக்கென்று எழுந்து, காயம் ஆற ஆறத் தணியும் வலியை மருத்துவம் கடும் வலி என்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி, முதுகுவலி போன்றவை நாட்பட்ட வலி என்னும் வேறு வகை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்குக் கடும் வலி இரண்டு வழிகளில் வருகிறது. நோயும் அறுவையும் விபத்தும் தருவது ஒன்று. அவரைப் பிழைக்க வைக்கச் செய்யும் பணிகளே தருவது மற்றொன்று: ஊசி ஏற்றுவது, குழாய் செருகுவது, சளி உறிஞ்சுவது, கட்டு மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது. முதல் வகை வலி மருத்துவர்களின் கவனத்தில் எப்போதும் இருந்தது. இரண்டாவது வகை வெகுகாலம் யார் கணக்கிலும் வராமல் கிடந்தது. அதைக் கணக்கில் கொண்டுவந்ததில் செவிலியர் துறை ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களில் முன்னணியில் நிற்பவர் அமெரிக்காவின் காத்லீன் புன்ட்டில்லோ.

புன்ட்டில்லோ சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வலியை ஆராய்ந்தவர்கள் பலர் நரம்புகளையும் மருந்துகளையும் நோக்கிச் சென்றார்கள். இவர் படுக்கையருகிலேயே நின்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் உடலை ஒரு நாளில் அதிகம் தொடுவது செவிலியரின் கைதான். மருத்துவர் வந்து பார்த்துப் போய்விடுவார். சளி உறிஞ்சுவதும் புரட்டுவதும் கட்டு மாற்றுவதும் செவிலியர் இரவு பகலாகச் செய்பவை. தன் கை தரும் வலி எவ்வளவு என்று செவிலியர் துறையே கேட்டது இந்த ஆய்வுகளின் தனிச்சிறப்பு. அதற்கு நேர்மையும் துணிவும் வேண்டும்.

அவருடைய தொடக்ககால ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, தேறி, சாதாரண வார்டுக்கு மாற்றப்பட்ட 24 பேரிடம் அவர் உட்கார்ந்து பேசினார். தொண்டைக்குள் குழாய் இருந்தபோது பேச முடியாதவர்கள், குழாய் எடுத்த பின் அன்றைய வலியை நினைவுகூர்ந்து சொன்னார்கள். தங்கள் வலி மிதமானது முதல் கடுமையானது வரை இருந்ததாகப் பலர் கூறினர். வலிக்கிறது என்பதை அப்போது எப்படித் தெரிவித்தார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள் மனத்தை உறுத்துபவை. கண்ணால் சைகை காட்டினேன் என்றார் ஒருவர். காலை மேலும் கீழும் அசைத்துக் காட்டினேன் என்றார் இன்னொருவர். சுற்றியிருந்தவர்களின் கண்ணில் அந்தக் கால் அசைவு வெறும் அமைதியின்மையாகத் தெரிந்திருக்கக்கூடும். அமைதியின்மைக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். தூக்க மருந்து எல்லாம் வலியைக் குறைப்பதில்லை. நோயாளி அடங்கிவிடுவார், வலி அப்படியே இருக்கும். 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகள் எல்லாவற்றுக்குமான கேள்விகள் அந்தச் சிறிய ஆய்விலேயே இருக்கின்றன.

உயிர் பிழைத்தால் போதாதா, வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று சிலருக்குத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளும் உடல் அதற்கு விலை கொடுக்கிறது. வலி எழுந்ததும் அட்ரினலின் வகைச் சுரப்புகள் இரத்தத்தில் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத் தசைக்கு ஆக்சிஜன் தேவை அதிகமாகிறது. இதய அறுவை செய்துகொண்டவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. நெஞ்சிலோ வயிற்றிலோ தையல் உள்ளவர் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக இழுக்கிறார், இருமாமல் அடக்குகிறார். சளி உள்ளேயே தங்கி, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, நிமோனியா வர வழி ஏற்படுகிறது. தூக்கம் கெடுகிறது. எழுந்து உட்காரவும் நடக்கவும் தாமதமாகிறது. ஆகவே வலியைத் தணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. மனிதாபிமானம் என்ற ஒரு காரணமே போதும் என்றாலும், உடலியல் தரும் காரணமும் அதே பக்கம்தான் நிற்கிறது.

1990-களில் புன்ட்டில்லோ ஆராய எடுத்துக்கொண்ட சிகிச்சைச் செயல்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, மூச்சுக்குழாயிலிருந்து சளி உறிஞ்சுவது. வென்டிலேட்டரில் இருப்பவரால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. செவிலியர் ஒரு மெல்லிய குழாயை வாயிலுள்ள குழாய் வழியாக உள்ளே விட்டு, சில நொடிகளில் சளியை உறிஞ்சி எடுத்துவிடுவார். அந்தச் சில நொடிகளில் நோயாளிக்கு மூச்சு முட்டும். கட்டுப்படுத்த முடியாத இருமல் வந்து, தையல் போட்ட நெஞ்சு குலுங்கும். இரண்டாவது, மார்புக் குழாயை அகற்றுவது. நெஞ்சறுவைக்குப் பின் நுரையீரலைச் சுற்றித் தேங்கும் இரத்தத்தையும் காற்றையும் வெளியேற்ற விலா எலும்புகளுக்கு இடையில் வைக்கும் குழாய் அது. ஓரிரு நாளில் குழாயின் மேல் திசு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரே இழுப்பில் இழுப்பார்கள். தேறி வருவதன் அடையாளமாகக் கருதப்பட்டதால், குழாய் எடுக்கும் நாள் நல்ல நாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நோயாளிகளோ அந்த நொடியின் வலியைக் கொடுமையானது என்று சொன்னார்கள்.

இந்தக் கேள்விகளைப் பெரிய அளவில் கேட்கும் வாய்ப்பை அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் ஏற்படுத்தித் தந்தது. ஒரே வினாவைப் பல மருத்துவமனைகளின் செவிலியர்கள் சேர்ந்து ஆராயும் ஒரு திட்டத்தை அது தண்டர் என்ற பெயரில் தொடங்கியிருந்தது. தமனியில் வைக்கும் குழாய் அடைபடாமலிருக்க ஹெப்பாரின் தேவையா என்பதை முதல் தண்டர் திட்டம் ஆராய்ந்தது. இரண்டாவது தண்டர் திட்டம் வலியை எடுத்துக்கொண்டது. அதைப் புன்ட்டில்லோ வழிநடத்தினார். முதன்மை முடிவுகள் 2001-இல் வெளியாயின. 169 இடங்களில் 6,201 நோயாளிகள் இதில் பங்கேற்றார்கள். ஆறு செயல்கள் ஆராயப்பட்டன: புரட்டிப் படுக்க வைத்தல், மூச்சுக்குழாய்ச் சளி உறிஞ்சுதல், காயத்தில் வைத்த வடிகுழாயை எடுத்தல், தீக்காயம் அல்லாத புண்களின் கட்டு மாற்றுதல், பெரிய சிரையில் குழாய் ஏற்றுதல், தொடைத் தமனியில் வைத்த உறையை எடுத்தல். செயலுக்கு முன்னும், செய்யும்போதும், முடிந்த பின்னும் வலி எவ்வளவு என்று சுழியம் முதல் 10 வரையிலான அளவில் நோயாளிகளே சொன்னார்கள்.

பெரியவர்களுக்கு மிக அதிக வலி தந்தது எது என்பதற்குக் கிடைத்த விடை யாரும் எதிர்பார்க்காதது. ஊசியோ கத்தியோ சம்பந்தப்படாத ஒரு செயல், அதாவது புரட்டிப் படுக்க வைப்பது, பட்டியலின் உச்சியில் வந்தது. அதன் சராசரி 4.93. பெரிய சிரையில் குழாய் ஏற்றுவதற்கு மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதன் வலி இதைவிடக் குறைவாகவே பதிவாயிற்று.

புரட்டுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு பேர் கட்டிலின் இரு பக்கமும் நிற்பார்கள். ஒருவர் வென்டிலேட்டர் குழாயைப் பிடித்துக்கொள்வார். சிறுநீர் சேரும் பை, வடிகுழாய், இதயத்துடிப்பு காட்டும் கம்பிகள் எல்லாம் இழுபடாமல் ஒரு பக்கமாக ஒதுக்கப்படும். நோயாளிக்கு அடியில் விரித்த துணியைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி ஒரே நேரத்தில் இழுத்துத் திருப்புவார்கள். தையலுள்ள வயிறு திருகுகிறது. முறிந்த விலா உரசுகிறது. பல நாள் அசையாத மூட்டுகள் ஒரேயடியாக அசைகின்றன. முதுகைத் துடைத்து, படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று பார்த்து, தலையணையை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். இதைச் செய்யாமல் விடவும் முடியாது. விட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் அழுகிப் புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பல மருத்துவமனைகளின் வழக்கம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை நடக்கும் காரியம் வலி தரும் சிகிச்சையாகப் பொதுவாக எண்ணப்படவில்லை. நோயாளிகள் தங்கள் வலிக்குத் தேர்ந்த சொற்களும் பதிவாகியிருக்கின்றன: கூர்மையானது, குத்துவது, எரிவது, பாய்வது, கொடுமையானது.

அதே திட்டத்திலிருந்து 2002-இல் வெளியான கட்டுரை இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னது. இந்தச் செயல்களுக்கு உட்பட்டவர்களில் 63 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு வலி மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்து பெற்றவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. யாரோ கொடுமைக்காரர்கள் செய்தது என்று இதைக் கொள்ளக்கூடாது. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு மருந்தா என்ற எண்ணம், மூச்சு அடங்கிவிடுமோ என்ற பயம், வேலைச் சுமை, தினமும் செய்வது வலிக்காது என்ற பழக்கம் எல்லாம் சேர்ந்து விளைந்த நிலை அது. நல்லெண்ணம் கொண்டவர்கள் நிறைந்த வார்டிலும் இது நடந்தது என்பதால்தான் எண்கள் தேவைப்பட்டன.

அளந்து காட்டியதோடு புன்ட்டில்லோ நிற்கவில்லை. மாற்று வழியையும் சோதித்துப் பார்த்தார். மார்புக் குழாய் அகற்றுவதைப் பற்றி அவரும் எஸ். ஜில் லேயும் செய்த சோதனை 2004-இல் வெளியாயிற்று. இதய அறுவை செய்துகொண்ட 74 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு 4 மில்லிகிராம் மார்ஃபின், சிலருக்கு 30 மில்லிகிராம் கீட்டோரோலாக், இரண்டுமே நரம்பு ஊசியாக. என்ன செய்யப் போகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். பாதிப் பேருக்கு, உடலில் எப்படித் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். சோதனையின் சாரம் நேரத்தில் இருந்தது. மார்ஃபின் கொடுத்த 20 நிமிடம் கழித்தும், கீட்டோரோலாக் கொடுத்த 60 நிமிடம் கழித்தும், அதாவது மருந்து முழு வீச்சில் வேலை செய்யும் நேரத்தில் குழாயை எடுத்தார்கள். எந்த மருந்து, எந்த விளக்கம் என்பதால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எல்லாக் குழுக்களிலும் வலி குறைவாக இருந்தது, நோயாளிகள் மயங்கிப் போகாமல் தெளிவாகவும் இருந்தார்கள். புதிய மருந்து எதையும் இந்த ஆய்வு கண்டுபிடிக்கவில்லை. கையிலுள்ள மருந்தை உரிய நேரத்தில் கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருக்கச் சொன்னது. ஊசி போட்ட மறுநொடியே குழாயை இழுத்தால் மருந்து கொடுத்ததாகக் குறிப்பேட்டில் இருக்கும். நோயாளிக்கு அதனால் பயன் இருக்காது.

பேசக்கூடியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பேச முடியாதவர் நிலை என்ன? நோயாளி எதை வலி என்று சொல்கிறாரோ அதுவே வலி என்னும் கொள்கையை அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபரி 1968-இல் முன்வைத்தார். நோயாளியின் சொல்லை நம்பாத ஒரு காலத்தில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் சொல்லே இல்லாதவரை அது வெளியே விட்டுவிடும். இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிக்குத் தண்டர் திட்டத்தின் தரவுகள் உதவின. புன்ட்டில்லோ குழுவினர் 2004-இல், 5,957 பெரியவர்களிடம் ஆறு செயல்களின்போது காணப்பட்ட நடத்தைகளை ஆராய்ந்து எழுதினார்கள். முகம் சுளித்தல், உடல் விறைத்தல், கண்களை இறுக மூடுதல், முனகல், கை முஷ்டியை இறுக்குதல் ஆகியவை வலி உள்ளவர்களிடம் தெளிவாக அதிகம் தெரிந்தன. முகமும் உடலும் பேசுகின்றன என்பது செவிலியர்களின் அனுபவ அறிவு. இங்கே அது ஆதாரமாயிற்று.

ஆதாரத்தைக் கருவியாக்கிய பணி வேறு இடங்களில் நடந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பாயெனும் அவர் குழுவினரும் 2001-இல் ஒரு நடத்தை அளவுகோலை வெளியிட்டார்கள். முகபாவம், கைகளின் அசைவு, வென்டிலேட்டருடன் இசைந்து மூச்சு விடுதல் என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 3 முதல் 12 வரை. கனடாவின் கியூபெக்கில் செலின் ஜெலினா என்ற செவிலிய ஆய்வாளர் முதலில் பிரெஞ்சு மொழியில் உருவாக்கிய மற்றொரு அளவுகோல் 2006-இல் ஆங்கில இதழில் வெளியாயிற்று. ஜெலினா பின்னர் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். புன்ட்டில்லோவுடன் சேர்ந்தும் எழுதியவர். சீபாட் என்று வார்டுகளில் சுருக்கமாக வழங்கும் அவருடைய அளவுகோலில் நான்கு அம்சங்கள் உண்டு: முகபாவம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டருடன் இசைவு. குழாய் எடுத்தவர்களுக்குக் கடைசி அம்சத்தின் இடத்தில் குரல் ஒலி வரும். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் 2 வரை, மொத்தம் 8.

படுக்கையருகில் அதைப் பயன்படுத்தும் முறை எளியது. செவிலியர் முதலில் ஒரு நிமிடம் நோயாளியைத் தொடாமல் பார்ப்பார். நெற்றி தளர்ந்திருந்தால் சுழியம். புருவம் சுருங்கியிருந்தால் 1. கண்கள் இறுக மூடி முகம் முழுவதும் சுருங்கினால் 2. பிறகு முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்ப்பார். கை எதிர்த்தால் தசை இறுக்கத்துக்கு மதிப்பெண். வென்டிலேட்டர் அலறுகிறதா, நோயாளி குழாயைக் கடிக்கிறாரா, இருமுகிறாரா என்பது அடுத்தது. பின்னர் புரட்டும்போது மறுபடியும் மதிப்பிடுவார். ஜெலினா தன் அளவுகோலைச் சோதித்தபோது வலி தரும் செயலாகத் தேர்ந்ததும் புரட்டுவதைத்தான். இதய அறுவை செய்துகொண்ட 105 பேரை, நினைவு திரும்பும் முன்பும், நினைவோடு குழாயில் இருந்தபோதும், குழாய் எடுத்த பின்பும் அவர் பார்த்தார்.

இந்தக் கருவிகளுக்கு எல்லை உண்டு. தசைகளை முழுவதும் தளர்த்தும் மருந்து பெற்றவரின் முகம் சுளிக்காது, கை அசையாது. உள்ளே வலி எவ்வளவு இருந்தாலும் மதிப்பெண் சுழியமாகவே வரும். அப்படிப்பட்டவருக்கு வலி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மட்டும் வைத்து வலியைத் தீர்மானிக்கவும் கூடாது. காய்ச்சல், இரத்த இழப்பு, பயம், மருந்துகள் எல்லாமே அவற்றை மாற்றும். துடிப்பு ஏறினால் வலி இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு தூண்டுதல், அவ்வளவே. துடிப்பு ஏறவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது.

புன்ட்டில்லோவின் ஆய்வுகளில் பரப்பில் விரிந்த மற்றொன்று யூரோபெயின். 28 நாடுகளில் 192 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 3,851 நோயாளிகள், 4,812 செயல்கள்; முடிவுகள் 2014-இல் வெளியாயின. பன்னிரண்டு வகைச் செயல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றின்போதும் வலி கூடியது. மிக அதிகம் வலித்தவை மூன்று: மார்புக் குழாய் எடுத்தல், காயத்தின் வடிகுழாயை எடுத்தல், தமனியில் குழாய் ஏற்றுதல். எதனால் வலி கூடுகிறது என்பதற்குக் கிடைத்த காரணங்கள் நடைமுறைக்கு மிகவும் பயன்படுபவை. செயலுக்கு முன்பே வலியும் வேதனையும் இருந்தவர்களுக்கும், அன்றைய நாளில் ஏற்கெனவே கடுமையாக வலித்தவர்களுக்கும் கூடுதலாக வலித்தது. ஆகவே முன்பிருந்த வலியைத் தணித்த பின்பே கை வைக்க வேண்டும். செயலைச் செவிலியர் அல்லாத வேறொருவர் செய்தபோதும் வலி அதிகமாகப் பதிவாயிற்று. செயலுக்கென்றே ஓபியாய்டு பெற்றவர்களுக்கும் வலி அதிகம் என்பது முதலில் புதிராகத் தோன்றும். அதிகம் வலிக்கும் என்று தெரிந்தவர்களுக்கே மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். கொடுத்த அளவோ நேரமோ போதாமலும் இருந்திருக்கலாம். இது போன்ற ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை உறுதிப்படுத்தாது. என்றாலும் 2004 மார்புக் குழாய்ச் சோதனையோடு சேர்த்துப் படித்தால் மருந்து கொடுத்த நேரத்தின் மேல்தான் சந்தேகம் விழுகிறது.

வலியைக் கேட்கப் போனவர் தாகத்தையும் கேட்டு வந்தார். மரண அபாயத்தில் இருந்த 171 நோயாளிகளிடம் புன்ட்டில்லோ குழுவினர் கேட்டறிந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 71 விழுக்காடு பேர் தாகம் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் தாகம் சாதாரணத் தாகம் அல்ல. வாயில் குழாய் இருப்பதால் வாய் மூடாது. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். விழுங்கினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். நரம்பு வழியாக நீர் ஏறிக்கொண்டிருக்கும், வாய் காய்ந்தே கிடக்கும். இதற்கு அவர்கள் சோதித்த மருந்து மிகச் சாதாரணமானது: குளிர்ந்த கிருமிநீக்கிய நீரை வாயில் தெளிப்பது, ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது, உதட்டுக்கு மென்தால் கலந்த ஈரப்பசை பூசுவது. 252 நோயாளிகளிடம் நடந்த இந்தச் சோதனை 2014-இல் வெளியாயிற்று. சுழியம் முதல் 10 வரையிலான அளவில், இப்படிப் பராமரிக்கப்பட்டவர்களுக்குத் தாகம் 2.3 புள்ளி குறைந்தது, வழக்கமான பராமரிப்பில் 0.6 மட்டுமே. இந்தத் துறையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு ஆறுதல் தந்த ஆய்வுகள் அதிகம் இல்லை. சிறிய மருத்துவமனை உட்பட எந்த மருத்துவமனையும் நாளையே தொடங்கக்கூடிய பராமரிப்பு இது.

ஆய்வுக் கட்டுரைகள் வார்டுக்குள் நுழைய வழிகாட்டு நெறிகள் தேவை. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வலி, பரபரப்பு, மனக்குழப்பம் பற்றிய நெறிகளை எழுதியவர்களில் மூன்றாவது பெயர் புன்ட்டில்லோவுடையது. அந்த நெறிகள் கூறியவை இவை: எல்லா நோயாளிகளிடமும் வலியை வழக்கமாக மதிப்பிட வேண்டும். பேச முடியாதவர்களுக்கு மேற்சொன்ன இரு நடத்தை அளவுகோல்களே மிகவும் நம்பத்தக்கவை. துடிப்பும் அழுத்தமும் மட்டும் போதாது. மார்புக் குழாய் எடுக்குமுன் மருந்து கொடுக்க வேண்டும். தூக்க மருந்துக்கு முன் வலியைக் கவனிக்க வேண்டும் என்ற முறையும் அவற்றில் இடம்பெற்றது. 1990-இல் காலை அசைத்துக் காட்டிய நோயாளிக்கு இந்த வரி 23 ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது.

2018-இல் அந்த நெறிகள் புதுப்பிக்கப்பட்டபோது ஜெலினா எழுதியவர்களில் ஒருவராக இருந்தார். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளின் அடிமைத்தனமும் சாவுகளும் பெரும் கேடாக வளர்ந்திருந்தன. அதற்காக வலியைக் கவனிக்காமல் விடுவது விடையாகாது. பாராசிட்டமால், குறைந்த அளவு கெட்டமின் போன்றவற்றைச் சேர்த்து ஓபியாய்டின் தேவையைக் குறைக்கலாம் என்றும், மசாஜ், இசை, ஐஸ் ஒற்றடம் ஆகியவை உதவும் என்றும் புதிய நெறிகள் சொல்கின்றன. அனைத்துலக வலி ஆய்வுச் சங்கமும் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகாது என்பதைக் குறிப்பில் தெளிவாக்கியது.

2018 நெறிகளில் குடும்பத்தாருக்கும் ஓர் இடம் உண்டு. நோயாளியால் சொல்ல முடியாதபோது, பொருத்தமான இடங்களில், வலியை மதிப்பிடுவதில் உறவினரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கின்றன அவை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு வலித்தால் உதட்டைக் கடிப்பார், அப்பா வலது காலை இழுத்துக்கொள்வார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். உள்ளே போகக் கிடைக்கும் சில நிமிடங்களில் அதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். புரட்டுவதற்கு முன்பும் குழாய் எடுப்பதற்கு முன்பும் வலி மருந்து கொடுக்கப்படுகிறதா, அது வேலை செய்ய நேரம் விடப்படுகிறதா என்று மரியாதையோடு கேளுங்கள்.